வச்சிரகிரியின் ஆறாம் பாகம்

பிரவீனா: யாக்கோபண்ணே, கம்பெனி பஸ்ஸ எடுக்காதீங்க! ஒரு நிமிசம், ஒரே நிமிசம்!

யாக்கோபு: இன்னாம்மா இது, படிக்கட்டுல தொங்கிகினு? உள்ள ஏறு பிரவீனா. பின்னாடி நிக்கிற டிரைவருங்கல்லாம் ஆரன் அடிக்கிறானுங்க பாரு.

பிரவீனா: நிலவன் இன்னும் வரலண்ணே. கேட்டுல ஐடி கார்டு ஒப்படைக்கப் போயிருக்கான்.

யாக்கோபு: ஓ... இன்னைக்குத்தான் கடைசி நாளா அவனுக்கு?

பிரவீனா: ஆமாண்ணே. காண்டிராக்ட் முடிஞ்சுபோச்சு. திங்கக்கிழமை ஓசூர்ல வேற கம்பெனி. இன்னைக்கு வுட்டா இந்த வண்டியில அவன் ஏறப்போறதே இல்ல... அதோ! நிலவா! ஓடியா!

யாக்கோபு: பைய நெஞ்சோட அணைச்சிகினு ஓடியாறான் பாரு, கொயந்தப் புள்ளய தூக்கியாற மாரி. ஏறு தம்பி, ஏறு.

நிலவன்: தேங்ஸ்ணே... அப்பா... இரு பிரவீனா, மூச்சு வாங்குது...

பிரவீனா: மூச்சு அப்புறம் வாங்கலாம். உக்காரு. எஞ்சின் பக்கத்து சீட்டு, எப்பவும் போல. உன்னாண்ட ஒரு பஞ்சாயத்து கீது.

நிலவன்: கடைசி நாள்லயா? நான் இன்னா பண்ணேன்?

பிரவீனா: வச்சிரகிரி நாவல் அஞ்சாம் பாகத்த நேத்து முடிச்சிட்டேன்.

நிலவன்: படிச்சிட்டியா? நீயா?

பிரவீனா: இன்னா, முழிக்கிற?

நிலவன்: இல்ல... 'நீயே சொல்லு, நான் கேட்டுக்கறேன்'னு சொன்னியே. படிக்கவே மாட்டேன்னியே.

பிரவீனா: நீதான் ஓசூருக்குப் போறியே. மீதிக் கதைய யார் சொல்லுவா? எங்க அசெம்ப்ளி லைன் செந்தாமரைக்காவாண்ட அஞ்சு பாகத்தயும் வாங்கி உக்காந்துட்டேன். கண்ணு ரெண்டும் செவந்துபோச்சு பாரு.

நிலவன்: எப்படி... எப்படி இருந்துச்சு?

பிரவீனா: ஏமாத்தம்ப்பா. படு ஏமாத்தம்.

நிலவன்: அய்யய்யோ, வெளிய சொல்லிடாத! எங்க பாத்தாலும் வச்சிரன்தான். உங்க லைன்லயே பாதிப் பேரு சாவிக்கொத்துல அவன் றெக்கைய மாட்டிகினு திரியறாங்க. ஊரே கொண்டாடுது, உனக்கு மட்டும் ஏமாத்தமா?

பிரவீனா: கொண்டாடட்டுமே. நான் சும்மா குத்தம் சொல்லல. மேகத்து மேல ஒரு ஊரக் கட்டி வச்சிருக்காங்களே, அந்த வர்ணனையெல்லாம் பிரமாதம். மேல குடியிருக்கறவங்க துணி பிழியறதுதான் கீழ மழைன்னு ஒரு எடம் வருது. கை தட்டணும் போல இருந்துச்சு. ஆனா நான் தேடினது கெடைக்கல.

நிலவன்: இன்னா தேடின?

பிரவீனா: கயிறு.

நிலவன்: எந்தக் கயிறு?

பிரவீனா: தெரியாத மாதிரி கேக்காத. வச்சிரன் கந்தர்வன். உடம்பு பூரா மின்னல். தொட்டவங்க சாம்பல். அவன காதலிக்கிற நித்திலா இன்னா பண்ணுவா? மணிக்கட்டுல ஒரு பட்டைய கட்டி, அதுலேருந்து மெல்லிசா ஒரு கயித்த இறக்கி, மண்ணுல குத்தி வச்சிக்குவா. அப்புறம்தான் அவன் விரல தொடுவா. மின்னல் அவ வழியா ஓடி தரையில போயிடும். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவாது. அந்த எடத்த நீ சொன்ன அன்னைக்கு எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. மறுநாள் கேண்டீன்ல எங்க பொண்ணுங்களுக்குச் சொன்னேன். செந்தாமரைக்கா சோத்துல கைய வச்சது வச்சபடி உக்காந்துட்டாங்க.

நிலவன்: நிசமாவா?

பிரவீனா: எந்தப் பாகத்துல வருது அது?

நிலவன்: ரெண்டு... இல்ல இல்ல, மூணு.

பிரவீனா: எதுலயும் வரல. மொத பாகத்துலயே ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிக்கறாங்க. ஒரு பொறி கூட பறக்கல.

நிலவன்: அது... பழைய பதிப்புல இருந்துச்சு. புதுசுல எடுத்துட்டாங்க.

பிரவீனா: ஓகோ, பதிப்பு! நாமளும்தான் தினம் சர்க்யூட் போர்டத் தொடறதுக்கு முன்னாடி, உடம்புல கீற கரண்டு தரையில எறங்க, கையில பட்டைய மாட்டி வயர மேசையில சொருவறோம். அதயும் பழைய பதிப்புலேருந்து எடுத்தாங்களா?

நிலவன்: அட, அதுவும் இதுவும் ஒண்ணா...

பிரவீனா: சரி, கந்தர்வக் கோட்டையில ஒரு நாளைக்கு மூணு வாட்டி சங்கு ஊதும், பழைய காவல்காரங்க எறங்க, புதுசா வர்றவங்க ஏறுவாங்கன்னியே?

நிலவன்: காவல் மாத்தணும்ல? கந்தர்வனுக்கும் தூக்கம் வரும்ல?

பிரவீனா: வாசல்ல எல்லாரும் கைய தூக்கிகினு நிக்கணும், ஒருத்தன் கோலால தடவிப் பாப்பான், கண்ணாடி வச்சிருந்தா புடுங்கி பொட்டியில பூட்டிடுவான்?

நிலவன்: அது மாயக் கண்ணாடி பிரவீனா. உள்ள நடக்கறத படம் புடிச்சிடும்...

பிரவீனா: அமுதத்துக்கு டோக்கன்?

யாக்கோபு: அமுதத்துக்கு டோக்கனா! நம்ம கேண்டீன் மாரியே கீதே!

பிரவீனா: நல்லா கேளுங்கண்ணே!

நிலவன்: அண்ணே, நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

யாக்கோபு: எங்க ஓட்டறது? கூட்டு ரோட்டுல கண்டெய்னர் குறுக்க நிக்குது. நான் சும்மாத்தான் கீறேன். நீங்க பேசுங்க.

பிரவீனா: அதோ, ஜாம். அதையும் கேட்டுடறேன். ரோடு காலியா இருக்கற அன்னைக்கெல்லாம் நித்திலாவும் வச்சிரனும் கொஞ்சிகினு கீறாங்க. ஜாம் ஆவுற அன்னைக்கு மட்டும் எப்படி யுத்தம் வருது?

நிலவன்: யுத்தம் இன்னா, நாள் பாத்தா வரும்?

பிரவீனா: போன மாசம் வல்லத்தாண்ட லாரி கவுந்துச்சே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு அடுக்கடுக்கா படை வந்து எறங்குச்சு. போதாததுக்கு நித்திலாவுக்கு திடீர்னு ஒரு தங்கச்சி பொறந்தா!

நிலவன்: பின்ன, உன் ஸ்டாப் வர்ற வரைக்கும் நான் இன்னாதான் பண்றது?

பிரவீனா: ஓகோ! அப்ப நான் எறங்கற வரைக்கும் இழுக்கத்தான் யுத்தமா?

நிலவன்: மாட்டிகினேனா?

பிரவீனா: உண்மைய சொல்லு. ஒரு பாகமாவது படிச்சிருக்கியா?

நிலவன்: அட்டைய பாத்திருக்கேன்.

யாக்கோபு: அடப்பாவி!

பிரவீனா: அட்டையா? ஒரு வருசமா அட்டைய வச்சா ஓட்டின?

நிலவன்: பின்பக்க அட்டையும்தான்... சிரிக்காதீங்கண்ணே. பிரவீனா, நீங்கல்லாம் எப்ப பாத்தாலும் அதப் பத்தியே பேசிகினு இருந்தீங்க. எனக்கு உங்கிட்ட பேச வேற இன்னா கீது? ஒரே ஒரு நாள் அடிச்சு வுடலாம்னு ஆரம்பிச்சேன். மறுநாள் ஏறி உக்காந்ததும் நீ 'அப்புறம்?'னு கேட்ட. அவ்ளோதான். அப்புறம் நிறுத்த முடியல.

பிரவீனா: அவ்ளோவும் எங்க ஒக்காந்து யோசிச்ச?

நிலவன்: நின்னுகினுதான். எனக்கு ஸ்க்ரூ போடற வேல. கை அது பாட்டுக்கு ஓடும். மண்டை சும்மாத்தான கீது... ஒரு வாட்டி நித்திலா நதியத் தாண்டறத யோசிச்சிகினே ரெண்டு பீசுக்கு ஸ்க்ரூ போடாம அனுப்பிட்டேன். சூப்பர்வைசர் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு.

பிரவீனா: நதிய தாண்டறதா? செருப்ப கையில எடுத்துகினு, மின்மினிப் பூச்சிங்க மேல கால வச்சி வச்சிப் போவாளே, அதுவா?

நிலவன்: அதான்.

பிரவீனா: அதுக்குத் திட்டு வாங்கலாம்ப்பா. அதுக்கு எவ்ளோ வேணா வாங்கலாம்.

நிலவன்: கோவமில்லியா?

பிரவீனா: கோவம் அப்புறம். மொதல்ல முடிவச் சொல்லு. நான் எறங்கறதுக்குள்ள.

நிலவன்: அதான் படிச்சிட்டியே.

பிரவீனா: அந்த முடிவு யாருக்கு வேணும்? நித்திலா அமுதத்த குடிக்கிறா, றெக்கை மொளைக்குது, மேல போயிடறா. அவ ஊரு, அவ ஆத்தா, அவ சிநேகிதிங்க, ஒருத்தரும் ஞாபகத்துல இல்ல. அரண்மனையில உக்காந்து சிரிக்கிறா. அவ்ளோ பெரிய காதலுக்கு அவ அவளாவே இருக்கக்கூடாதாம். அதான் வயிறு எரியுது. உன் நித்திலா அப்படிப் போவாளா?

நிலவன்: மாட்டா.

பிரவீனா: அப்ப இன்னா ஆவும்?

யாக்கோபு: கண்டெய்னர் நவுந்துச்சு. கெட்டியா புடிச்சிக்கங்க. வுட்ட நேரத்தப் புடிக்கணும்.

நிலவன்: அண்ணே, மெதுவாவே போங்கண்ணே...

பிரவீனா: அண்ணன அப்புறம் பாத்துக்கலாம். சொல்லு.

நிலவன்: முடிவு இல்ல பிரவீனா. ரெண்டு வாரமா ரோசனை பண்றேன், வரவே மாட்டேங்குது. வச்சிரனுக்கு வேற மேகத்துல வேல போட்டுட்டாங்க. போய்த்தான் ஆவணும். அவளாண்ட இன்னா சொல்றதுன்னு தெரியல அவனுக்கு.

பிரவீனா: கூட வான்னு சொல்றது.

நிலவன்: எப்படிச் சொல்லுவான்? சொன்னா அவ எல்லாத்தயும் வுட்டுட்டு வரணும். நீதான் இப்ப வயிறு எரியுதுன்ன. சொல்லாம போனா... அதயும் தாங்க மாட்டான்.

பிரவீனா: றெக்கை யாருக்கு கீது? நித்திலாவுக்கா, அவனுக்கா?

நிலவன்: அவனுக்கு.

பிரவீனா: அப்ப பறந்து பறந்து வர்றதுல அவனுக்கு இன்னா நோவு?

யாக்கோபு: ஸ்ரீபெரும்புதூர் தாண்டியாச்சு. அடுத்தது பென்னலூர்தான்.

நிலவன்: அண்ணே!

யாக்கோபு: நான் இன்னா பண்ணட்டும்? இன்னைக்குன்னு பாத்து ரோடு காலியா கீது.

பிரவீனா: நிலவா, நான் எறங்கிடுவேன். நீ அடுத்த ஸ்டாப்புல தண்டலத்துக்கு, உன் வூட்டுக்குப் போயிடுவ. இந்த முடிவ கேக்காம எறங்கினா எனக்கு ஆயுசுக்கும் ஆறாது.

யாக்கோபு: தண்டலத்துக்கா? யாரு, இவனா?

நிலவன்: யாக்கோபண்ணே, வேணாம்...

யாக்கோபு: இருப்பா. கடைசி நாள், நானும் ஒரு உண்மைய சொல்லிக்கறேன். ஏம்மா, இவன் வூடு படப்பையில. நேர் எதிர்த்திசை. தினம் உன்ன பென்னலூர்ல எறக்கிட்டு, ஷெட்டுல போட வண்டிய நம்ம கம்பெனி கீற ஒரகடத்துக்கே திருப்புவேன். காலி வண்டியில இவன் ஒருத்தன் குந்திகினு வருவான். கூட்டு ரோட்டுல எறங்கி ஷேர் ஆட்டோ புடிச்சி வூட்டுக்குப் போவான். உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு என் கையில சத்தியம் வாங்கினான்.

பிரவீனா: ஒரு வருசமாவா?

யாக்கோபு: மழையிலயும்தான்.

பிரவீனா: நிலவா... இங்க பாரு. தலைய நிமித்து.

நிலவன்: இன்னா சொல்லச் சொல்ற?

பிரவீனா: முடிவு. வச்சிரன் இன்னா சொல்றான்?

நிலவன்: அவன் சொல்றான்... 'நித்திலா, நீ ஒண்ணயும் வுட வேணாம். அமுதமும் வேணாம், றெக்கையும் வேணாம். உன் ஊருலயே இரு. லீவு கெடைக்கிற அன்னைக்கெல்லாம் நான் மழையோட மழையா எறங்கி வர்றேன். நீ கையில கயித்த கட்டிகினு வெளிய வந்து நின்னா போதும். நிப்பியா?'ன்னு கேக்கறான்.

பிரவீனா: நிப்பா.

நிலவன்: நித்திலாவா?

பிரவீனா: அவளுந்தான்.

யாக்கோபு: பென்னலூர்! பென்னலூர் எறங்கு!... நான் திரும்பிப் பாக்கல சாமி. நிதானமா எறங்கு.

பிரவீனா: ஓசூர்லேருந்து ஞாயித்துக்கிழமை விடிகாலையிலயே கெளம்பு. லேட்டா வந்தா யுத்தம்தான், ஜாம் இல்லன்னாலும்.

நிலவன்: பிரவீனா, இரு... ஒண்ணே ஒண்ணு. நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு நேத்து படிச்சப்ப உனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும்? அத நெனச்சாதான்...

பிரவீனா: நேத்து எங்கப்பா படிச்சேன்? நீ மொத நாள் இந்த சீட்டுல வந்து உக்காரறதுக்கு முன்னாடியே அஞ்சு பாகத்தயும் முடிச்சி, ஏமாந்து, அழுது, செந்தாமரைக்காவாண்ட தூக்கிக் குடுத்துட்டேன். நீ ஆரம்பிச்ச மொத வரியே தப்பு. புத்தகத்துல நித்திலா இளவரசி. நீ தையல்காரின்ன. எனக்குத் தெரியும், செந்தாமரைக்காவுக்குத் தெரியும், எங்க லைன்ல அத்தன பேருக்கும் தெரியும். ஒருத்தியும் மூச்சு வுடல... திருத்தினா நீ நிறுத்திடுவியேன்னு.