இறைக்க இறைக்க உவர்த்த கிணறு

அவைக்கு அணியாகவும் ஊருக்கு அரணாகவும் வீற்றிருக்கும் தலைவர், விதானையார் நமசிவாயம் ஐயா அவர்களே. கமக்காரர் சங்கத்தைக் கட்டிக் காத்துவரும் அங்கத்தவர்களே. வெயில் தாழுமுன்னரே வந்து முன்வாங்குகளை நிரப்பிவிட்ட பெரியோர்களே. பிள்ளையை மடியிலும், அடுப்பில் விட்டுவந்த உலையை மனத்திலும் வைத்துக்கொண்டு பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே. வேலியோடு சைக்கிளைச் சாத்திவிட்டு, பேச்சு சுவைத்தால் நிற்போம், சுவைக்காவிட்டால் மிதிப்போம் என்று காத்திருக்கும் வாலிபர்களே. உங்கள் எல்லோரையும் வடமராட்சிக் கரவெட்டிப் பரமலிங்கம் நான் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

பள்ளிக்கூடத்தில் இயற்கை விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். ஆகையால் 'சூழல்' என்ற தலைப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். சூழல் என்றால் என்ன? சுற்றி நிற்பது, சூழ்ந்து கிடப்பது, தொடாமலே தொடுவது. காற்று அது, கனல் அது, பனி அது, பருவம் அது. நாம் அதற்குள் இருக்கிறோம்; இருப்பதனாலேயே அதைப் பார்க்க மறக்கிறோம்.

கூட்டம் தொடங்குமுன் கிராமபோன் பாடியதைக் கேட்டிருப்பீர்கள். பாடியதா, பரிதவித்ததா என்பதை உங்கள் காதுக்கே விடுகிறேன். பட்டணத்திலிருந்து அதைக் கொண்டுவந்த றஹீம் தம்பி, அந்தப் பந்தல் காலடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். மாட்டுவண்டியில், மத்தியான வெயிலில், இசைத்தட்டுகளை மூடாமல் அடுக்கி வந்திருக்கிறார். சூட்டில் தட்டு வளைந்தது. வளைந்த தட்டில் ஊசி ஏறி இறங்கியது. குரலும் கூடவே ஏறி இறங்கியது. முன்வாங்கில் ஒரு பெரியவர், "பாடுறவளுக்குத் தடிமனோ, தொண்டைக்கட்டோ?" என்று கேட்டார். இல்லைப் பெரியவரே. அவள் எந்த ஊரிலோ நன்றாகத்தான் பாடினாள். இந்தச் சண்டிலிப்பாய்க்கு வரும் வழியில் வெயில் பிடித்துக்கொண்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் பாடியவளைக் குறை சொன்னோம். வெயிலைக் குறை சொல்லவில்லை. ஏன்? வெயில் எங்கும் இருந்தது. எங்கும் இருப்பதன் மேல் எவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

புகையிலைக்காரருக்கு நான் புகையிலை படிப்பிக்க வரவில்லை. படிப்பித்தால் அடிக்க வருவீர்கள். காய்ந்து தொங்கும் இலைப் பாடத்தை எப்போது கை வைத்து இறக்குவீர்கள்? விடியற்புறம், பனி ஈரம் இலையில் இறங்கிய பிறகு. அப்போது அது பட்டுச் சேலையாய் மடியும். அதே இலையை உச்சி வெயிலில் தொட்டுப் பாருங்கள்; பொடியாய் உதிரும். இலை மாறியதா? கை மாறியதா? இலையைச் சுற்றி நின்ற காற்று மாறியது. விடியற்புறம் மடிந்த இலையை நல்ல சாதி என்றும், மத்தியானம் உதிர்ந்த இலையைக் கெட்ட சாதி என்றும் எந்தக் கமக்காரனாவது சொல்வானா? சொல்லமாட்டான். இலை விஷயத்தில் எங்களுக்கு அவ்வளவு நிதானம் இருக்கிறது.

மனிசர் விஷயத்தில் இருக்கிறதா?

சபையோரே, இனி நான் சொல்லப்போவது இந்த ஊர்க் கதை. பேர் சொல்லித்தான் சொல்வேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டேன். "பேரைச் சொல்லுங்கோ வாத்தியார். சொல்லாமல் கதைச்சுத்தானே இவ்வளவும் வந்தது" என்றா அவ. அவ நல்லம்மா. அதோ, பாயின் அந்தக் கரையில், அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாமல் இருக்கிறா.

நல்லம்மாவின் புருஷன் மார்க்கண்டு, பொங்கல் முடிந்த கையோடு காய்ச்சலில் போய்விட்டார். மார்க்கண்டுவுக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கனகரத்தினம் அண்ணைக்கும் ஒரே கிணறு. பங்குக் கிணறு. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. அப்பன் காலத்திலிருந்து ஏற்றத் துலா மிதித்து, பட்டையால் மொண்டு, வாய்க்காலில் தண்ணீர் கட்டி, ஒரு நாளும் ஒரு சொல் மிஞ்சாமல் வாழ்ந்த தோட்டங்கள் அவை.

சாவீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு, கழியவில்லை. அந்தியேட்டிக் கிரியைக்கு இன்னும் நாள் கிடந்தது. அந்த நேரத்தில் நல்லம்மா தன் முறைக்குக் கிணற்றடிக்கு வந்து இறைத்தா. ஏன் வந்தாய் என்று ஊர் கேட்டது. நானும் கேட்டேன். "அவர் நட்ட புகையிலைக் கண்டுகள். அவர் போன துக்கம் கண்டுகளுக்குத் தெரியுமே? அதுகளுக்குத் தண்ணி தானே வேணும்" என்றா.

அதன்பின் சில நாளில் கிணறு உவர்த்தது. தேன்போலிருந்த தண்ணீர் நாக்கில் கரித்தது. புகையிலைக் கன்றின் இலை ஓரம் நெருப்புப் பட்டதுபோல் கருகியது. ஊர் என்ன சொன்னது? "துடக்கோடை வந்து கிணத்தைத் தீண்டிப்போட்டாள்." சொன்னவர் ஒருவர், சுமந்தவர் ஒருவர், சோடித்தவர் ஒருவர். அந்தியேட்டி முடிந்தது, ஐயர் வந்து தீட்டுக் கழிக்கப் புண்ணியவாசனம் செய்தார், கிணற்றைக் கலக்கி, அடி தெரியும் மட்டும் இறைத்து, ஊறவிட்டார்கள். ஊறிய தண்ணீர் முன்னையிலும் உவர். திரும்ப இறைத்தார்கள். இன்னும் உவர். மறுபடியும் இறைத்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. 'பார்த்தீரோ, எவ்வளவு கடுமையான துடக்கு' என்று, நல்லம்மாவின் முறையை நிறுத்திவிட்டார்கள். இன்று அந்தத் தோட்டத்தில் மார்க்கண்டு நட்ட கன்றுகள் தலை சாய்ந்து நிற்கின்றன. இன்னும் சில வெயில் எரித்தால் அந்தப் போகம் இல்லை. போகம் இல்லாவிட்டால் அந்த அடுப்பு இல்லை.

என்ன அங்கே சத்தம்? "வடமராட்சியான் வந்து எங்களுக்குக் கிணறு காட்டுறானோ" என்று ஒரு தம்பி கேட்கிறார். காட்டத்தான் போகிறேன் தம்பி. கிணற்றையே மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

துடக்குக் காக்க வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. என் வீட்டிலும் காக்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். துடக்கென்றால் புண்ணியவாசனத்தோடு போயிருக்க வேண்டாமோ? ஐயர் சொன்ன மந்திரத்தில் குறையா? இல்லை. உப்புக்கு மந்திரம் தெரியாது. இறைக்க இறைக்க ஏன் கூடியது? எதனால் இறைத்தீர்கள்? துலாவாலா? இல்லையே. உலக யுத்தம் முடிந்ததும் கனகரத்தினம் அண்ணை ஆசையாய் வாங்கிய மண்ணெண்ணெய் மெசினால். மார்க்கண்டு கண் மூடிய அதே கிழமைதான் அந்த மெசின் கிணற்றடிக்கு வந்தது. இரண்டும் ஒன்றாய் வந்தன. மெசின் புதுமை; அதைப் பார்க்க ஊரே கூடியது. கைம்பெண்ணின் மேல் பழி போனது.

இதோ இந்தக் கண்ணாடிக் குவளையைப் பாருங்கள். அடியில் உப்புக் கரைத்து, தெரியட்டும் என்று மஞ்சளும் கலந்த தண்ணீர். அதன்மேல் வாழையிலைத் துண்டு ஒன்றை மிதக்கவிட்டு, மெல்ல மெல்ல நல்ல தண்ணீரை வார்த்திருக்கிறேன். கலந்ததா? இல்லை. மேலே தெளிவு, கீழே மஞ்சள். நல்ல தண்ணீர் இலேசு. உப்புத் தண்ணீர் பாரம். எங்கள் குடாநாடும் இந்தக் குவளைதான். சுண்ணாம்பு முருகைக்கல்லுக்கு அடியில் கடல் படுத்திருக்கிறது. அதன் முதுகில், மாரியில் பெய்த மழை மிதக்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், அதில்தான் குளிக்கிறோம், அதைத்தான் இறைக்கிறோம். இந்த வருஷம் மாரியும் மோசம் செய்தது. மேல் தண்ணீர் மெலிந்துபோய்க் கிடக்கிறது.

கனகரத்தினம் அண்ணை, ஒருக்கால் மேடைக்கு வாருங்கோ. பயப்பிட வேண்டாம், வைத்தியம் இல்லை. விதானையார் ஐயா, அவருக்குக் கொஞ்சம் வழி விடச் சொல்லுங்கள். இந்தாருங்கள் பப்பாசி இலைக்காம்புக் குழல். நுனி மேல் தண்ணீருக்குள் நிற்கட்டும். முதலில் மெல்ல, துலா இறைப்பதுபோல, இடைவிட்டு இடைவிட்டு இழுங்கோ. எப்படி?

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது; "நல்ல தண்ணி" என்கிறார்.

இனி மெசின் இழுப்பதுபோல, விடாமல், ஒரே மூச்சில். எல்லோரும் குவளையைப் பாருங்கள். தாய்மார்களே, எழுந்து நின்றே பாருங்கள். மஞ்சள் அசைகிறதா? குழலின் வாயை நோக்கிக் குன்றுபோல் எழும்புகிறதா? குழலுக்குள் ஏறுகிறதா? போதும் அண்ணை, போதும். இப்ப என்ன ருசி?

"உப்பு" என்கிறார்.

சபையோரே, இந்தக் குவளைக்குக் கிட்ட நல்லம்மா வரவில்லை. இதை அவ தொடவில்லை. இதற்குத் துடக்கில்லை. ஆனாலும் உவர்த்தது. துலா கொஞ்சம் எடுத்தது, மனிசன் களைத்தான், கிணறு மூச்சு வாங்கியது, நல்ல தண்ணீர் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. மெசினுக்குக் களைப்பில்லை. அது அடிக் கடலைக் கூப்பிட்டது. கடல் ஏறி வந்தது. கிணற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று மறுபடி மறுபடி நாங்களே உப்பை இழுத்தோம். இழுத்துவிட்டு, அதையே அவவுக்கு எதிரான சாட்சியாக வைத்தோம்.

மெசின் கெட்டதா? இல்லை. ஈரமும் மழையும் நிறைந்த நாட்டில் அது பொன். இங்கே மெலிந்த தண்ணீரின்மேல் அதை அடங்காமல் ஓடவிட்டால் அது ஆபத்து. கனகரத்தினம் அண்ணை கெட்டவரா? அவரும் இல்லை. தெரியாமல் செய்தார். நாங்களெல்லோரும் தெரியாமல் செய்தோம்.

ஆனால் என் மனத்தை அறுப்பது வேறு. தட்டுக்கு வெயில் சூழல். இலைக்குப் பனி சூழல். கிணற்றுக்குக் கடல் சூழல். நல்லம்மாவுக்கு எது சூழல்? நாங்கள். எங்கள் கண், எங்கள் கதை, எங்கள் ஒதுக்கம். அவ கடக்கும்போது மூடிய படலை, அவ இருக்கும்போது நகர்ந்த பாய். இந்த ஊருக்குள் அவ மூச்சுவிடும் காற்று நாங்கள்தான். அந்தக் காற்றைக் காய வைத்துவிட்டு, பெண் ஏன் வாடுகிறாள் என்று கேட்க எங்களுக்கு என்ன நியாயம்? மழையை நாங்கள் வரவழைக்க முடியாது. கடலைத் தள்ளிவைக்க முடியாது. ஆனால் ஒரு மனிசருக்குப் பக்கத்தில் போய் இருக்க முடியும். மாற்ற முடிந்த சூழல் அது ஒன்றுதான். அதை மாற்றாமல் இருந்தால் நாங்கள் கற்றதும் கேட்டதும் என்னத்துக்கு?

அண்ணை இன்னும் இறங்கவில்லை. என்ன அண்ணை? கதைக்க வேணுமோ? கதையுங்கோ. இதில், இந்த ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேரே நின்று கதையுங்கோ, எல்லோருக்கும் கேட்கட்டும்.

கேட்டீர்களோ? கேட்காதவர்களுக்குத் திரும்பச் சொல்கிறேன். "நாளைக்கு என்ரை முறை. அதை நல்லம்மா எடுக்கட்டும். மெசின் கொட்டிலுக்கை கிடக்கட்டும். துலா நான் மிதிக்கிறன்."

கை தட்டாதேயுங்கோ, கொஞ்சம் பொறுங்கள். நல்லம்மா எழும்பியிருக்கிறா. சொல்லு பிள்ளை.

"வாத்தியார், துலாவிலை இறைச்சால் தண்ணி உடனை நல்லாகுமோ?"

பொய் சொல்லமாட்டேன் அம்மா. உடனே ஆகாது. மேல் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்தால் கண்டுகள் தாக்குப்பிடிக்கும். கிணறு பழையபடி வர, நல்ல மாரி ஒன்று வரவேணும்.

"அப்ப பறவாயில்லை. முறை வந்திட்டுது. மாரியும் வரும்" என்கிறா.

என்னிடம் இன்னும் பேச்சு இருந்தது. பனையைப் பற்றி, சோழகக் காற்றைப் பற்றி, அவையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். அவ சொன்னதற்குப் பிறகு அதையெல்லாம் வாசிக்க எனக்கு வெட்கமாயிருக்கிறது. பாயில் இருக்கும் தாய்மார்களே, கொஞ்சம் நகர்ந்து இருங்கோ. அந்தப் பக்கமல்ல. நல்லம்மாவின் பக்கம். ஓம், அப்படித்தான்.

பேச அழைத்த சங்கத்தாருக்கும், பொறுமை காத்த தலைவருக்கும், வளைந்த தட்டோடு வந்து பாடம் தந்த றஹீம் தம்பிக்கும், உப்பைக் குடித்து உண்மையைச் சொன்ன கனகரத்தினம் அண்ணைக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. விடியத் துலா ஏறும் சத்தம் கேட்டால், அது இந்தக் கூட்டத்தின் முடிவுரை என்று எண்ணிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வணக்கம்.