அஃப்ஷீனுக்கு நான் போட்ட பத்து

டீ நல்லா இருக்குதுங்க மேடம். ஸ்டேசன் டீன்னா கழனித்தண்ணியாட்டம் இருக்கும்னு நெனச்சுப்போட்டேன். சக்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல், பரவால்லைங்க. நான் நிதானமாச் சொல்றேன், நீங்க நிதானமா எழுதிக்குங்க. வக்கீல் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதேன்னு என்ற ஊட்டுக்காரர் சொன்னாரு. முப்பது வருசமாப் பேசியே பொழைச்சவகிட்டப் போயிச் சொல்றாரு பாருங்க.

பேரு மோகனப்பிரியா. வயசு அம்பத்தி மூணு. சொந்த ஊரு கருமத்தம்பட்டி. பத்தொம்பது வருசம் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் டீச்சர், அதுக்குப் பொறவு பதினோரு வருசமா ஆர்.எஸ்.புரத்துல ஆபீஸ். வெளிநாட்டுல பெரிய பெரிய பல்கலைக்கழகத்துக்கெல்லாம் புள்ளைகளுக்கு அப்ளிகேசன் போட்டுக் குடுக்கறது. அதைக் கோயமுத்தூர்ல நூறு பேரு பண்றாங்க. என்னைத் தேடிச் சனம் வந்தது வேற ஒண்ணுக்கு. இந்தப் புள்ளைக்கு அந்த எடம் கெடைக்குமா கெடைக்காதான்னு நான் முன்கூட்டியே சொல்லுவேன். சொன்னது தப்பாதுங்க.

அதுக்கு ஒரு மொறை வெச்சிருந்தேன். ஒரு மாசம் புள்ளைகூட ஒக்காந்து பேசுவேன். மார்க்கு, எழுத்து, பேச்சு, எதுல கண்ணு மின்னுது, எதுல கொட்டாவி வருது, எல்லாம் பாத்துப்போட்டு, நூத்துக்கு எத்தனைன்னு ஒரு தாள்ல எழுதுவேன். கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டுன எடத்துல அப்பா அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுவேன். கவரு அவிய ஊட்டுலயே இருக்கும். முடிவு வந்த பொறவு ஒரு ஞாயித்துக்கெழமை எல்லாக் குடும்பத்தையும் மண்டபத்துக்குக் கூப்புட்டு, மேடையில ஒவ்வொண்ணாப் பிரிக்கறது. அம்பதுக்கு மேல போட்டிருந்தா கெடைச்சிருக்கோணும், கீழ போட்டிருந்தா கெடைச்சிருக்கக் கூடாது. அடுத்த வருசம் வர்றவிய அதைப் பாத்துத்தான் வருவாங்க. இத்தனை வருசத்துல முந்நூத்திச் சொச்சம் கவரு, ஒண்ணு மாறலைங்க.

காங்கேயத்துல எண்ணெய் மில்லு வெச்சிருக்கற அப்புசாமியண்ணன்தான் இதுக்கு ஒரு பேரு வெச்சாரு. அவரு பையன் நிதீஷுக்கு நான் இருவதுன்னு போட்டு, அதே மாதிரி கெடைக்காமப் போச்சு. கோவிச்சுக்குவாருன்னு பாத்தா, மேடையில ஏறி கையெடுத்துக் கும்புட்டாரு. "டீச்சர் கவரு பூவாக்கு மாதிரிங்க"ன்னாரு. நம்ம பக்கம் ஒரு நல்ல காரியம்னா சாமி முன்னால வெள்ளைப்பூ ஒரு பொட்டணம், செவப்புப்பூ ஒரு பொட்டணம் மடிச்சு வெச்சு, கொழந்தைய விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லுவாங்கல்ல, அது. நெனச்ச பூ வந்தா உத்தரவு. வரலைன்னா எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவாங்க. மிச்சம் கெடக்கற பொட்டணத்தை யாராவது பிரிச்சுப் பாப்பாங்களா? பாத்தா சாமி குத்தம்.

அதனாலதானுங்க யாரும் என்கிட்டப் பாஸ்வேர்டு கேக்கலை. புள்ளைக பேருல ஈமெயிலு தொறக்கறது நாங்க, வர்ற பதிலை எடுத்துக் குடுக்கறதும் நாங்க. நான் தாளை நீட்டுனா வாங்கிக் கண்ணுல ஒத்திக்குவாங்க. நீங்க போயிப் பாக்காதீங்கன்னு நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அதையும் எழுதிக்குங்க.

அஃப்ஷீன் வந்தது மூணு வருசத்துக்கு முன்னால. உக்கடத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கற ஷாஹுல் பாய் மக. கணக்குப் புள்ளைங்க அது. ஒரு கணக்கைக் குடுத்தா உடனே போடாது. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்து, இதையே இப்படிக் கேட்டிருந்தா என்ன ஆவும்னு வேற ஒண்ணைக் கேக்கும். நாம முழிக்கோணும். இங்கிலாந்துல ஒரு பழைய பல்கலைக்கழகம், கணக்குக்குன்னே பேரு போனது, அங்கதான் படிக்கோணும்னு வந்துச்சு. நம்ம ஜில்லாவுல இருந்து அஞ்சு வருசத்துக்கு ஒருத்தருக்குக் கெடைச்சாலே அதிசயம். ஷாஹுல் பாய் சொன்னாரு, "இவ கேக்கறதுக்கு இங்க யாருக்கும் பதில் தெரியலைங்க டீச்சர். தெரிஞ்சவங்க இருக்கற எடத்துக்கு அனுப்பிப் போடலாம்னுதான்."

ஒரே ஒரு கொறை. புள்ளைக்குப் பேச்சு திக்கும். ஒரு வார்த்தையில நின்னுதுன்னா அரை நிமிசம் நிக்கும். நேர்காணல் வெக்காம அங்க யாரையும் எடுக்கறதில்லை. வெள்ளைக்காரன் கைக்கடியாரத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பான், இது முதல் பதிலை முடிக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோயிரும். நான் ரொம்ப ரோசனை பண்ணலைங்க. பத்துன்னு எழுதிக் கவரை ஒட்டிப்போட்டேன். ஷாஹுல் பாயும் அவரு சம்சாரம் சாஜிதா பேகமும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டுப் போனாங்க.

அந்த வருசம் அங்கிருந்து முடிவு கடைசியாத்தான் வந்துச்சு. ஞாயித்துக்கெழமை மண்டபம், வெள்ளிக்கெழமை காலையில பதினோரு மணிக்கு மெயிலு. எடம் உண்டு, முழுச் செலவும் எங்களோடதுன்னு போட்டிருந்துச்சு. கீழ, நேர்காணல் பண்ணுன பேராசிரியை தனியா நாலு வரி எழுதியிருந்தாங்க. "குறிச்ச நேரம் முடிஞ்ச பொறவும் நாங்க எந்திரிக்கலை. நீ சொல்லி முடிக்கறதைக் கேக்கோணும்னு இருந்துச்சு." இங்கிலீஷுலதான், நான் நம்ம பேச்சுல சொல்றேன்.

எனக்குக் கோவம் வந்துச்சுங்க. ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லை. ஒரு கவரு மாறுச்சுன்னா மத்ததெல்லாம் குருட்டாம்போக்குன்னு ஆயிரும். மண்டபத்துல நானூறு பேரு ஒக்காந்திருப்பாங்க. அடுத்த வருசம் வர்ற புள்ளைக யாரை நம்பி முடிவெடுக்கும்? ஒரு புள்ளைக்காக அத்தனை புள்ளைகளையும் அம்போன்னு விட முடியுங்களா? அப்படித்தான் நான் பாத்தேன்.

அப்பப் பாத்து கதவைத் தள்ளிக்கிட்டு அதே புள்ளை வந்து நிக்குது. மேசைக்கு அந்தப்பக்கம், மூணடி தள்ளி. மெயிலு தொறந்தபடி இருக்குது. அதோட பார்வை என்ற தோளுக்கு மேல போவுது. எனக்குப் பின்னால கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. கம்ப்யூட்டர்ல இருக்கறது அதுல தெரியும்னு இத்தனை வருசமா எனக்கே ஒறைக்கலைங்க. நான் நாற்காலிய மெல்ல நகத்தி மறைச்சுக்கிட்டேன்.

"டீ... டீச்சர், மெ... மெயிலு வந்துச்சுங்களா?"

"இன்னும் வரலை கண்ணு. வந்தா நானே கூப்புட மாட்டனா?"

"அத்தா ரெண்டு நாளா ச... சரியாச் சாப்புடலைங்க."

"வெசனப்படாம இருக்கச் சொல்லு அம்மணி. எது நல்லதோ அதுதான் நடக்கும்."

அது உடனே போவலை. அலமாரிய இன்னொருக்காப் பாத்துச்சு. உள்ள இருக்கற பொஸ்தகத்துல ஒண்ணை எடுத்துக்கட்டுமான்னு கேட்டுச்சு. நானே எந்திரிக்காமத் திரும்பி, எட்டி எடுத்து நீட்டுனேன். வாங்கிக்கிட்டு, வாரேனுங்கன்னு சொல்லீட்டுப் போயிருச்சு.

கதவைச் சாத்திப்போட்டு வந்து ஒக்காந்தேன். அந்த எடம் வேண்டாம்ங்கற கட்டத்தை அமுக்குனா, நெசமாத்தானான்னு ஒருக்காக் கேக்குதுங்க. அப்பறம் காரணம் கேக்குது. குடும்பச் சூழ்நிலைன்னு போட்டேன். மெயிலை அழிச்சேன். எடமில்லைங்கற கடுதாசிய நானே டைப் அடிச்சேன். மரியாதையா, மனசு நோவாத மாதிரி, நல்லா வந்திருந்துச்சு. மொத்தம் இருவது நிமிசம் ஆச்சுங்க.

ஞாயித்துக்கெழமை ஷாஹுல் பாய் மேடை ஏறிக் கவரைப் பிரிச்சுப் பத்துன்னு படிச்சாரு. சனம் கை தட்டுச்சு. அவரும் தட்டுனாருங்க. பெரிய மனுசன்.

கூட்டம் கலைஞ்ச பொறவு அஃப்ஷீன் வந்து, எதுல கொறைஞ்சேன்னு எழுதியிருக்காங்களா டீச்சர்னு கேட்டுச்சு. காரணம் ஒண்ணு தெரிஞ்சா மனசு அடங்கிரும்னு பாத்தேன். "பேச்சுலதான் கண்ணு. ரொம்ப நின்னு போச்சாம், அவியளால பொறுத்துக்க முடியலையாம்"னேன். தலையாட்டிக்கிட்டுது. அழுவலை.

அன்னையில இருந்து அது பேசறதை நிறுத்திப்போட்டுது. ஊட்டுலகூடத் தாள்ல எழுதிக் காட்டுதுன்னு சாஜிதா பேகம் வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. இங்கயே ஒரு காலேஜ்ல சேத்துனாங்க. வாய்மொழித் தேர்வுன்னு சொன்ன மறுநாள்ல இருந்து காலேஜுக்கும் போவலை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மறுக்கா அப்ளிகேசன் போடட்டுமான்னு என்கிட்ட எழுதிக் காட்டுச்சு. ஒருக்கா தள்ளுனா மறுபடி எடுக்க மாட்டாங்கன்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல முடியும்?

நான் ஈரமில்லாதவ இல்லைங்க. என்ற ஆபீஸ்லயே வேலை போட்டுக் குடுத்தேன். உள்ரூமு, யாருகூடவும் பேச வேண்டியதில்லை. மத்த புள்ளைக அப்ளிகேசனைப் படிச்சு, யாருக்கு எத்தனைன்னு கணக்குப் போட்டுக் குடுக்கோணும். என்னைவிட நல்லாப் போட்டுச்சு. ஒரு நோம்பி பண்டிகை விடாம அதுக்குத் துணி எடுத்துக் குடுத்திருக்கறேன். ரமலான்ல நேரத்துலயே அனுப்பிருவேன். ஷாஹுல் பாய் எங்க பாத்தாலும், "எங்க புள்ளைக்கு நீங்கதான் ஒரு வழி காட்டுனீங்க டீச்சர்"ம்பாரு.

போன வாரம் எனக்கு டைபாய்டுன்னு ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. ஆபீஸ் மெயிலெல்லாம் அஃப்ஷீன் பொறுப்புல விட்டிருந்தேன். அது பேருல நாங்க தொறந்த பழைய மெயிலுக்கு அந்தப் பேராசிரியை மூணு வருசம் கழிச்சு எழுதுவாங்கன்னு யாரு கண்டா? நீ வேண்டாம்னு எழுதுனது இன்னும் எங்களுக்கு வருத்தம், எங்க படிக்கறே, மேல்படிப்புக்காவது வருவியான்னு கேட்டிருக்காங்க. அதைப் படிச்சுட்டு இது அப்பவே எந்திரிச்சிருச்சாம். ஆபீசைப் பூட்டிச் சாவியக் கீழ மெடிக்கல்ல குடுத்துப்போட்டு, அத்தாவைக் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்து புகார் எழுதிக் குடுத்திருக்குது.

இது மாதிரி வேற யாருக்காச்சும் பண்ணியிருக்கறியான்னு கேட்டீங்க. அஞ்சு பேருங்க. முந்நூத்துல அஞ்சு, அதைக் கணக்குலயே சேக்க முடியாது. பேரெல்லாம் தர்றேன். மொத ஆளு நம்ம அப்புசாமியண்ணன் பையன் நிதீஷ். அவரு ரத்த அழுத்தக்காரரு, பாத்துச் சொல்லுங்க.

காலையில அஃப்ஷீன் உங்ககிட்ட வாக்குமூலம் சொல்லறப்ப, நீங்க கூப்புட்டு விட்டு வந்து நான் வெளிய பெஞ்சுலதானுங்க ஒக்காந்திருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு. மூணு வருசத்துல அது வாயத் தொறந்து நான் கேட்டதில்லை. வரிக்கு வரி நின்னுச்சு. நடுவுல ஷாஹுல் பாய் ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கப் பாத்தாரு, நீங்க கையக் காட்டி வேண்டாம்னுட்டீங்க. ரெண்டே கால் மணி நேரம். போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, நீங்க எடுக்கலை.

எங்க கையெழுத்துப் போடோணுமோ காட்டுங்க, போடறேன். வந்த எடத்தை வேண்டாம்னு எழுதுனது நான்தான், பொய்க் கடுதாசி அடிச்சதும் நான்தான், பேச்சுனாலதான் போச்சுன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொன்னதும் நான்தான். ஆனா நான் போட்ட பத்து தப்புன்னு மட்டும் எழுதாதீங்க. நீங்களே சொல்லுங்க மேடம், அந்தப் புள்ளை பேசி முடிக்கற வரைக்கும் யாருங்க ஒக்காந்து கேப்பாங்க?