மலை தெரியாத வீடு

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். திருவண்ணாமலையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறார்கள். எனக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கும்.

"மலை தெரியாத வீடா பாருங்க" என்றாள் அவள்.

"இன்னா பேச்சு இது?"

"தெரிஞ்சா தீபத்துக்கு உங்க அக்கா தங்கச்சிங்க குடும்பத்தோட வந்துடுவாங்க. வடிச்சுக் கொட்ட என்னால ஆவாது."

"அப்ப வேங்கிக்கால் பாக்கலாம். கோயிலுக்குத் தூரம்."

"மாடியில நின்னா தீபம் தெரியுமா?"

"பளிச்சுனு தெரியும்."

"வேணாம். மாடியிலேயே ஒக்காந்துக்கினு காபி கேப்பாங்க. ஆசிரமத்துப் பக்கம்?"

"அங்க வாசப்படியிலேயே மலைதான்."

ஜன்னலில் மலை வந்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"சரி, தேரடித் தெருவுலயே பாருங்க."

"கோயில் வாசல்லயா? எல்லாரும் வந்துடுவாங்களே."

"வரட்டும். காலையில சாமி பாக்கப் போனா, அந்தக் கூட்டத்துலேருந்து பொழுது சாஞ்சாலும் வெளிய வர முடியாது."

"எங்கம்மா கூட்டத்துக்குப் போவாது. வீட்லயே இருக்கும்."

"அத்த இருக்கட்டும்ங்க. அடுப்பாண்ட ஒரு ஆளு வேணுமில்ல? கல்யாணமாயி இத்தினி வருஷத்துல, நானும் ஒரு தடவ தீபம் பாக்கறேன்."