ஆடி கழியட்டும்

— சிவசாமி அண்ணே! பாம் பாம்னு ஹாரன் அடிச்சிக்கிட்டு நம்ம பாதைக்குள்ள ஒரு லாரி வருது பாருங்க!

— நமக்கு இல்ல தங்கையா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கம்போங்கு ஊருக்குப் போவுது. அரசாங்கப் பம்பு இன்னிக்கு வருதுன்னு சுங்கை ரம்பாய் பாசார்ல பேசிக்கிட்டாங்க.

— அட, நாம எழுதிப் போட்ட பம்பு! இல்லல்ல, எழுதிட்டுப் போடாத பம்பு.

— குத்தாத தம்பி.

— குத்தலண்ணே. என் வெண்டைய வந்து பாருங்க, தொட்டா அப்பளமாட்டம் நொறுங்குது. போன வருஷம் புகை, இந்த வருஷம் வெயில். கிணத்துல வாளி விட்டா சேறுதான் வருது.

— எல்லாம் என் தப்பு. வானம் முன்ன மாதிரி இல்லன்னுதான் அரசாங்கத்துலயே பணம் ஒதுக்கி, பம்புக்கு ஃபாரம் குடுத்தாங்க. பன்னெண்டு குடும்பத்து ஃபாரத்தையும் நான் வாங்கி, மஞ்சத் துணியில கட்டி, அம்மன் காலடியில வச்சேன். ஆடி கழியட்டும், ஆவணியில குடுத்தா வெளங்கும்னு.

— கடைசி நாள் ஆகஸ்டு பதினஞ்சுன்னு அதுலயே போட்டிருந்துச்சேண்ணே.

— எஸ்டேட்டுல கணக்கு எழுதுற கிராணி எப்பப் போனாலும் வாங்கிக்குவாரு. அந்த நெனப்புல பதினெட்டாந்தேதி அரசாங்க ஆபீசுக்குப் போனேன். கட்ட அவுக்கக்கூட விடல. 'சூடா துத்துப்'னு சொல்லிட்டாங்க, மூடியாச்சாம். அவுக்காத கட்டு, அப்படியே கோயில்ல கெடக்கு.

— மத்தவங்க யாரும் உங்க மூஞ்சியில முழிக்கிறதில்ல. நான் மட்டும் வந்து டீ குடிக்கிறேன், ஏன் தெரியுமா? நெனச்சிருந்தா உங்களுத மட்டும் குடுத்திருக்கலாம். குடுக்கல. நீங்களும் எங்களோடதான் காயிறீங்க.

— அதத்தானே நேத்து எல்லார் முன்னாடியும் சூடம் அணைச்சி சத்தியம் பண்ணேன். என் ஃபாரமும் அந்தக் கட்டுலதான் இருக்குன்னு.

— அந்த ஒரு சத்தியம்தான்லா, இல்லன்னா அடிதடியே ஆகியிருக்கும். கோமளா அண்ணி, இன்னொரு டீ! என்னா அண்ணி, லாரியவே பாத்துக்கிட்டு ஊத்துறீங்க? பாதி டீ தரையில போவுது!

— ஒண்ணும் இல்ல தம்பி. என்னங்க… லாரி இந்தப் பக்கம் திரும்புது.

— வழி தப்பியிருப்பான் கோமளா. தங்கையா, போய்ப் பாலத்தைக் காட்டிவிடு.

— எங்கண்ணே போறது? உங்க வாசல்லயே நிறுத்திட்டான்.

— ஐயா, இங்க சிவசாமி யாரு? பம்பு ஒண்ணு, பைப்பு ஒரு கட்டு. இதுல கையெழுத்துப் போடுங்க.

— என் பேரா? தப்பு டிரைவர், என் ஃபாரம் போகவே இல்லையே.

— போயிருக்குங்க. ஆகஸ்டு அஞ்சாந்தேதி வாங்கிக்கிட்டதா முத்திரையே குத்தியிருக்கு பாருங்க.

— அண்ணே! அம்மன் முன்னாடி சூடம் அணைச்சீங்களேண்ணே!

— தங்கையா, எறங்கிப் போகாதடா! சத்தியமா எனக்குத் தெரியாதுடா… கோமளா, நீ ஏன் அழுவுற?

— அவர வையாதீங்க தம்பி. தேதி போயிடுமேன்னு பயம், ஆடியில குடுக்கவும் பயம்; கெடுதல் வந்தா எங்க வீட்டோட போகட்டும்னு, எங்களுத மட்டும் நான்தான் அந்தக் கட்டுலேருந்து உருவிக் கொண்டுபோய்க் குடுத்தேன்.