ஊசி மயிலு

எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்க அவனைப்போல ஒருத்தன் கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார். அக்குள் பிடிக்காது, கழுத்து இறங்காது. நானே நாலைந்து தைத்துப் போட்டிருக்கிறேன். அதனால் எனக்கு அவன்மேல் பகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த டெய்லர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தான். என் தம்பி கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். அம்மா போனபிறகு அவனை வளர்த்தது நான். பேருக்குத்தான் கீழ்வீட்டில் இருந்தான். சாப்பாடு, தூக்கம் எல்லாம் மாடியில். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் என் சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலே அவர்கள் ஜன்னல் இருந்தால், காதைக் கழற்றியா வைக்க முடியும்? "மயிலு, சாப்பிட வா" என்று தம்பி கூப்பிடுவான். டெய்லர் ஆறடி ஆள். அவன் மயிலாம். என்னை ஒரு நாளாவது அப்படிச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பானா?

தம்பிக்குப் பெண் பார்த்தேன். வந்த இடத்தையெல்லாம் தட்டிக்கழித்தான். கடைசியில், தேர்தல் முடிந்ததும் வேறு ஊருக்குப் போகிறோம், வீடு பார்த்தாகிவிட்டது என்றான். நாங்க ரெண்டு பேரும் என்றான். அந்த ரெண்டில் நான் இல்லை.

தேர்தல் என்றேனே, டெய்லர்தான் வார்டு கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றான். அளவெடுக்கிற சாக்கிலேயே ஓட்டுக் கேட்டுவிடுவான். பெண்களெல்லாம் அவன் பக்கம். எதிரே பழைய கவுன்சிலர். மேடைக்கு மேடை மீசையை முறுக்கி "ஆம்பள ஆட்சி" என்பார். வீட்டில் சம்சாரம் இருமினால் எழுந்து நிற்பார், அது வேறு கதை.

கவுன்சிலரின் பிரசாரப் பாட்டுக்கு என் தம்பியின் குழுதான் இசை. டெய்லரே, "போய் வாசி, வாடகைக்கு ஆகும்" என்று சிரித்தானாம். இந்தத் தொழிலில் மெட்டை முதலில் பதிவுசெய்து கொடுத்துவிடுவார்கள். சொல் அப்புறம் ஏறும். ரோடு, விளக்கு என்று ஏதாவது எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, தம்பி ஜோராக ஒரு மெட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியூர்க் கச்சேரிக்குப் போய்விட்டான்.

பாட்டு எழுதுகிறவர் சொல் சிக்காமல் என் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டெய்லரைப் பற்றி ருசியாக ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். தம்பியின் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற விவஸ்தை எனக்கு உண்டு.

மறுநாளே பிரசார வேனில் பாட்டு வந்துவிட்டது.

ஊசி மயிலு, ஊசி மயிலு,
உனக்கு மீசை எதுக்கு மயிலு?
பொண்டாட்டி வேணாங்கிற ஆளுக்குப்
பொதுமக்கள் எதுக்கு மயிலு?

கேட்கிறவர்கள் காலை ஆட்டாமல் இருக்க முடியாது, அப்படி ஒரு மெட்டு. பிள்ளைகள் பாடினார்கள், டீக்கடையில் பாடினார்கள். தைக்கக் கொடுத்த துணியைப் பெண்கள் பாதித் தையலோடு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எனக்கே சங்கடமாக இருந்தது. என்னுடையதை மட்டும் தைத்து முடிக்கும்வரை விட்டுவைத்தேன்.

அதற்கெல்லாம் டெய்லர் அசரவில்லை. கடைப் பலகையில் கல் விழுந்த அன்றும் ஓட்டுக் கேட்கப் போனான். அவனை அரித்தது வேறு. ஒரு சாயங்காலம் என் சமையலறை வாசலில் வந்து நின்றான், கழுத்தில் இஞ்ச் டேப்போடு.

"அக்கா, அந்தப் பேரு எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். மெட்டும் அவன் வாசிச்சது. ஃபோன் போட்டா எடுக்க மாட்டேங்கிறான். அவனாக்கா சொல்லிக் குடுத்தான்?"

ராத்திரியெல்லாம் மேடை, பகலில் பஸ்ஸில் தூக்கம் என்று ஊர் ஊராகப் போகிறவன் ஃபோனை எப்படி எடுப்பான்? அதை நான் சொல்லியிருக்கலாம். நான்தான் சொன்னேன் என்றும் சொல்லியிருக்கலாம். திட்டிவிட்டுப் போயிருப்பான், அடுத்த மாதம் இரண்டு பேரும் பெட்டியைக் கட்டியிருப்பார்கள்.

பாத்திரம் துலக்கிய கையைத் துடைத்துக்கொண்டேன். "அவன்தாம்பா. சிரிச்சிக்கிட்டே சொல்லிக் குடுத்தான். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானே தவிச்சுக்கிட்டிருந்தேன்."

"சரிக்கா" என்றான். அவ்வளவுதான். ஒவ்வொரு படியாக ஏறிப் போனான். ஒரு மனுஷன் அப்படி ஏறினால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அப்புறம் மாடியில் ஒரு சத்தமும் இல்லை. கூப்பிட்டிருக்கலாம். கொசு வருகிறதே என்று ஜன்னலைச் சாத்தினேன்.

காலையில் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். அதற்கு முன்னால் தம்பியின் ஃபோனுக்கு அவன் பேசி அனுப்பியதைத்தான் சற்றுமுன் போட்டுக் காட்டினீர்கள். "சிரிச்சிக்கிட்டே சொல்லிக் குடுத்தியாமே, அக்கா சொன்னாங்க." குரலில் கோபமே இல்லை, கவனித்தீர்களா? நல்ல பிள்ளை.

கவுன்சிலர் ஜெயித்துவிட்டார். வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார், மரியாதை தெரிந்தவர். பாட்டுக் கொன்றது என்று எழுதினாலும் சரி, நான் கொன்றேன் என்று எழுதினாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாவதுதான் உண்மை. சீக்கிரம் முடித்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள்.

புகார் கொடுத்ததே தம்பிதான் என்கிறீர்கள். இருக்கட்டும் சார், ஏதோ கோபம். வெளியே பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறான்? அக்காவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் காத்திருப்பான்.