ஜல்லியில் அசையக் கூடாது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. அந்தச் சாலையில் ஒரு குறையும் இல்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்து, ஜல்லி பரப்பி, ரோலர் ஓட்டி, தண்ணீர் தெளித்து, முறையாகத்தான் வேலை நடந்துகொண்டிருந்தது. எச்சரிக்கைப் பலகை இருந்தது. சிவப்புத் துணி கட்டிய கயிறும் இருந்தது. ரோடு மேஸ்திரியை நீங்கள் லாக்கப்பில் வைத்திருப்பது வீண்.

என்னை யாரும் எதற்கெடுத்தாலும் அருவருப்புப்படுகிறவள் என்று சொல்ல முடியாது. நான் வேலை பார்ப்பது சலவைக் கூடத்தில். ஆஸ்பத்திரித் துணி, விடுதித் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். ஒரு படுக்கை விரிப்பைப் பிரித்தால் உள்ளே என்னவெல்லாம் இருக்கும் என்று சொன்னால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. நான் அதைக் கையால் பிரித்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அதே கையால் சாப்பிடுகிறவள். யாருடையது என்று தெரியாத அழுக்கு என்னை ஒன்றும் செய்வதில்லை. தெரிந்த ஆளுடையதைத்தான் தாங்க முடியாது.

தெரிந்த ஆள் என்றால் என் வீட்டுக்காரர். தெருவில் அவரை எல்லோரும் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு நன்றாக மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். கல்யாணமானதிலிருந்து காலையில் என்னைச் சலவைக் கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே தன்னுடைய அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போவார். அடித்ததில்லை, குடித்ததில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். அவர்கள் யாரும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போனதில்லை.

வண்டியைக் கிளப்பும்போதே புகையிலையை வாயில் அதக்கிக்கொள்வார். முதல் திருப்பம் தாண்டியதும் தொண்டையைக் காறுவார். பிறகு தலையைச் சாய்த்துத் துப்புவார். துப்புகிறவரைப் பொறுத்தவரை அது ரோட்டில் விழுந்துவிட்டது, கதை முடிந்தது. பின்னால் இருப்பவளுக்குத்தான் தெரியும், பாதி காற்றில் திரும்பி வரும் என்று. கன்னத்தில் விழும், கழுத்தில் விழும், மூக்குக்கண்ணாடியில் பழுப்புப் புள்ளியாகக் காயும். வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டில்தான் எனக்குக் குமட்டும். சலவைக் கூடத்துக்குப் போனதும் நான் முதலில் துவைப்பது என் முகத்தைத்தான் என்று கூட இருப்பவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

அவரிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "காத்து அடிச்சா நான் என்ன பண்ணட்டும்? நீ தலையத் திருப்பிக்க" என்றார். திருப்பிக்கொண்டேன். வருஷக்கணக்காகத் திருப்பியதில் எனக்குக் கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. அந்த வலிக்கு அவரே தைலம் தேய்த்துவிட்டார். அந்த விரலிலும் புகையிலை நாறியது.

பிறகு சாலை வேலை வந்தது. ஜல்லி பரப்பிய சாலையில் போவது எப்படி என்று அவர் எனக்குச் சொல்லித் தந்தார். கார், லாரி எல்லாம் போய்ப் போய் இரண்டு தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்திலேயே போக வேண்டும். தடத்துக்கு வெளியே உதிரி ஜல்லி குவிந்து கிடக்கும், சக்கரம் ஏறினால் வழுக்கிவிடும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முன் பிரேக்கைத் தொடவே கூடாது. "வண்டி தானா ஆடும், ஆடட்டும். நீ மட்டும் ஆடாத. பின்னாடி இருக்கவங்க அசைஞ்சா என்னாலகூடப் பிடிக்க முடியாது. மூட்டை மாதிரி உக்காரு, போதும்." இதைத் தவிர அவர் எனக்கு உருப்படியாக எதுவும் சொல்லித் தந்ததில்லை.

மூட்டை மாதிரித்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நாள் கழித்து, அவர் சொன்னது சரிதானா என்று பார்க்கத் தோன்றியது. இடுப்பை ஓர் அங்குலம் நகர்த்தினேன். வண்டி அப்படியே நழுவியது. "ஏய், அசையாத" என்றார். மறுநாள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். அன்று முன் பிரேக்கைப் பிடித்துவிட்டு, சமாளித்து நிமிர்த்தினார். அவ்வளவு பெரிய பைலட், பயந்தால் கை முன் பிரேக்குக்குத்தான் போகிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அதுவரை நான் ஒரு பக்கமாகத்தான் உட்காருவேன். அப்படி உட்கார்ந்தால் வேண்டிய பக்கம் சட்டென்று சாயத் தோதுப்படாது. இருபக்கமும் கால் போட்டு உட்கார ஆரம்பித்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். இப்போதுதான் எனக்குப் புத்தி வந்திருக்கிறது என்று என் நாத்தனாரிடம் போனில் சொல்லிச் சிரித்தார்.

அவருடைய ஹெல்மெட் விஷயத்தையும் கேட்டீர்கள். அதன் உள்துணி எண்ணெயும் வியர்வையுமாக ஊறிப்போயிருந்தது. முதல் நாள் இரவு கழற்றித் துவைத்துப் போட்டேன். துவைப்பது என் தொழில், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. காலையில் அது காயவில்லை. பக்கத்தில்தானே போகிறோம் என்று அவர் வெறுந்தலையோடு கிளம்பினார். என்னுடையது காய்ந்திருந்தது.

அந்தத் திருப்பத்தில் வலது பக்கம் கருங்கல் அடுக்கியிருந்தார்கள். இடது பக்கம் மணல் கொட்டியிருந்தது. தினமும் பார்த்துக்கொண்டுதானே போகிறோம். அங்கே போகும்போது என் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான், எனக்குப் பொறுமை போய்விட்டது. உடம்பு முழுவதையும் வலது பக்கம் சாய்த்தேன். சக்கரம் தடத்தை விட்டு உதிரி ஜல்லியில் ஏறியது. அவர் கை முன் பிரேக்குக்குப் போனது. வண்டி கருங்கல்லை நோக்கிச் சரியும்போது நான் இடது பக்கம் தாவி மணலில் இருந்தேன். எனக்கு முழங்கை சிராய்த்ததோடு சரி.

முதலில் ஓடி வந்தது மேஸ்திரிதான். வண்டியைத் தூக்கும்போது சைலன்சர் சுட்டு அவர் கையெல்லாம் கொப்பளித்துவிட்டது. பலகை வைத்திருந்தேனே அம்மா, வைத்திருந்தேனே என்று என்னிடமே சொல்லி அழுதார். அவர் மேல் புகார் கொடுத்தது என் நாத்தனார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

இப்போது என் வீட்டுக்காரர் இங்கேயே, இந்த ஆஸ்பத்திரியில், அந்தக் கட்டிலில் கிடக்கிறார். பேச்சு இல்லை, கை காலில் அசைவு இல்லை. கண் மட்டும் என்னோடு நகரும். வாய் மூடுவதில்லை, எச்சில் நிற்பதுமில்லை. நான்தான் துணி மாற்றி மாற்றித் துடைக்கிறேன். இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் எல்லோரிடமும் சொல்கிறாள். முடிந்துபோகும் என்று நினைத்த ஒன்று நாள் முழுக்க என் கையில் வழிகிறது. அருவருப்பாக இருக்கிறது, ஐயா. ஆனால் காற்றில் வருவதில்லை, அந்த அளவில் நல்லது.

இதை நானாக வந்து சொல்லக் காரணம் கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ள வேண்டாம். மேஸ்திரியின் மனைவி தினமும் இந்த வராந்தாவுக்கு வருகிறாள். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி அழுகிறாள். நேற்று அழுதுகொண்டே மூக்கைக் கையால் துடைத்தாள். அதே கையால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்களும் ஒரு பொம்பளதானேம்மா" என்றாள். சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவியும் அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை. இன்னொரு நாள் அவள் என்னைத் தொடுவதை என்னால் தாங்க முடியாது. அவள் புருஷனை விட்டுவிடுங்கள், அவள் வருவது நிற்கட்டும்.

மற்றபடி, நான் செய்தது அந்த எச்சிலுக்காகத்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாத்தனார் உங்களிடம் சொன்னது உண்மைதான். அவர் புகையிலையை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாயில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்று டாக்டர் பயமுறுத்தினார். அன்றைக்கே பொட்டலத்தை என் கண் முன்னால் குப்பையில் போட்டார். "இனிமே உனக்கு அந்தத் தொல்லை இல்ல. சந்தோஷமா?" என்றார். சந்தோஷம் என்றேன்.

அதற்குப் பிறகும் தினமும் பின்னால் உட்கார்ந்தேன். முதல் திருப்பம் வரும், அவர் காறமாட்டார். நான் தலையைத் திருப்பிக்கொண்டு காத்திருப்பேன், ஒன்றும் வராது. எனக்கு முன்னால் அந்தக் கழுத்து இருக்கும். சவரம் செய்த, சுத்தமான கழுத்து. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் குமட்டல் மட்டும் நிற்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரர் திருந்திவிட்டார் என்று புகார் சொல்ல முடியுமா?

அன்று காலை எங்களுக்குச் சற்று முன்னால், ஜல்லிக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரி போய்க்கொண்டிருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் கன்னத்தில் விழுந்த சொட்டு சில்லென்று இருந்தது.