யூனிஸ் ஆம்ப்ளிஃபயர் பாக்க வந்த சனிக்கெழம

…சிரிக்காதீங்க சார், அது உங்க கடை மைக்செட்டுதான்! அந்தக் கொழா ஸ்பீக்கர்ல பஜனை கேக்கலாம், எலெக்‌ஷன் மீட்டிங் கேக்கலாம். கிடாரப் போட்டா? தகர டப்பால தேனீயப் புடிச்சுப் போட்ட மாதிரி கேக்குது. குரோம்பேட்ல கல்யாண ரிசப்ஷன், பொண்ணோட அப்பா மேடைக்கே வந்துட்டாரு. "ஸ்டேஷன கொஞ்சம் திருப்பி வைப்பா, கரகரங்குது"ங்கறாரு. ரேடியோன்னு நெனச்சிருக்காரு சார்! நான் ஒருத்தி பட்டுப்பொடவ கட்டிக்கிட்டு, கிடார மாட்டிக்கிட்டு, அவரு மூக்குக்கு முன்னாடி நிக்கறேன்…

ஸ்டூல் இருக்கட்டும் சார். உக்காந்தா வாசிக்க வராது.

அதுக்குத்தான் சார் சொந்தமா ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கிடலாம்னு வந்தேன். யாரோ ஒரு ஆங்கிலோ இந்தியன் ஃபேமிலி ஆஸ்திரேலியா போறப்ப ரெண்டு பெட்டி உங்ககிட்ட தள்ளிட்டுப் போச்சாமே, சாலமோன் சொன்னான். சாலமோன் யாருன்னா, எங்க சித்தப்பா பையன், டிரம்ஸ் அடிப்பான். நல்லா அடிப்பான், எப்ப நிறுத்தணும்னு மட்டும் தெரியாது. அப்றம் எங்க அண்ணன் ஜெபராஜ். ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். எங்க பேண்டுல அவன் ரிதம், நான் லீடு. ரிதம்னா ஒண்ணுமில்ல சார், பின்னாடி நின்னு ஜங்கு ஜங்குன்னு பாட்டத் தாங்கிக்கிட்டே போறது. லீடுன்னா முன்னாடி வந்து தனியா இழுத்து இழுத்து வாசிக்கறது. உங்க கச்சேரில வயலின் மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

வளவளன்னு பேசறேனா? என்ன சார் பண்றது! நான் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சுல வெளியூருக்கு டிரங்கால் போடறவ. நாள் பூரா ஊர்ல இருக்கறவன் பேச லைன் போட்டுக் குடுத்துட்டு நான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும். சனிக்கெழம வந்தா அணை ஒடைஞ்சிடும். மாட்டினது நீங்க.

முதல்ல இந்தப் பச்சத்துணி போட்ட சின்னப் பெட்டி. ஆஹா, அழகாத்தான் இருக்கு. ஒயர இங்க சொருகணுமா? லைட்டு எரியுது, சத்தத்தக் காணோமே… ஓ, உள்ள பல்பு மாதிரி இருக்கற வால்வு சூடாகணுமா? சரி சரி, எங்க சர்ச் ஐயரு மாதிரி. அவரும் சூடாகற வரைக்கும் தொண்டைய செருமிக்கிட்டே இருப்பாரு. உங்க ஐயரு இல்ல சார், பாஸ்டர. நாங்க பாஸ்டர ஐயருன்னுதான் சொல்லுவோம். ஆங், உயிர் வந்துடுச்சு! கேளுங்க…

அட அட அட. சூடான தோசைல நெய் வழியற மாதிரி இல்ல? எங்கயும் முள்ளே குத்தல. அண்ணன் இதத்தான் சொல்லி அனுப்பினான். "லீடுக்கு வழுவழுன்னு இருக்கணும், அத மட்டும் பாத்துட்டு வா. என் ரிதம் எதுல போட்டாலும் நிக்கும்"னான். என்னா திமிரு! ரிசப்ஷன்ல ரேடியோ மாதிரி கேட்டதுக்குக் காரணமும் நாந்தானாம், "உன் கை நடுங்கிச்சு"ங்கறான். வர்ற கிறிஸ்மஸ் டான்சும் சொதப்பிச்சுன்னா ரவின்னு ஒரு பையன லீடுக்குப் போட்டுட்டு என்னைய கோரஸ்ல நிறுத்திடுவானாம். கோரஸ்ல! ஊ… ஊன்னு! நாய் ஊள உடற மாதிரி!

ரவி நல்லாத்தான் சார் வாசிக்கறான். அதுதான வயித்தெரிச்சலே.

நானா சார் லீடு வேணும்னு கேட்டேன்? கிடார் கத்துக்கிட்டப்ப ரிதம்தான் தட்டிட்டிருந்தேன். இவன்தான், "பொம்பளப் புள்ள கைக்கு அது ஒத்து வராது, பலம் வேணும், நீ மெல்லிசா லீடு வாசி"ன்னான். வீட்ல தெனம் அடிபம்புல தண்ணி அடிக்கறது யாருன்னு நெனைக்கறீங்க? கணக்கு வாத்தியாரா? அவன் சாக்பீஸத் தவிர வேற எதையும் தூக்கினதில்ல சார். நானும் சரி சரின்னு தலையாட்டிட்டேன். சண்ட போட்டா பேண்டே கலைஞ்சிடுமேன்னு.

சரி, இதயே பேக் பண்ணிடலாம் சார். வேற என்ன… அந்தப் பெரிய பெட்டியா? அது என்ன, முன்துணியெல்லாம் கிழிஞ்சு, பன்னி மாதிரி மூலைல கெடக்கு? வேணாம் சார். சும்மா கேட்டுப் பாக்கறதா? என் நேரம் உங்க கரண்டு, போடுங்க.

இரையுது சார். பின்னாடி யாரோ கொறட்ட விடற மாதிரி. லீடு வாசிக்கறேன்… ம்ம். பரவால்ல. நெய் இல்ல, நல்லெண்ண. இந்தக் குமிழு எதுக்கு? கொஞ்சமா திருப்பட்டுமா? கொஞ்சமாத்தான் சார், பயப்படாதீங்க. சும்மா ஒரே ஒரு கார்டு, எல்லாத் தந்தியையும் சேத்து, ரிதம் மாதிரி தட்டிப் பாக்கறேன்—

ஐயோ! யேசுவே!

மன்னிச்சுக்கங்க சார்! அந்த பல்பு டப்பா தானா விழுந்திடுச்சு, நான் தொடவே இல்ல! என்ன சார் இது… வயித்துக்குள்ள குத்துது. எருமைக் கூட்டம் ஓடி வந்த மாதிரி. காலு வழியா ஏறுது சார். இன்னொரு தடவ. இருங்க, கைய நிறுத்தி நிறுத்தி தட்டிப் பாக்கறேன்… ஜக்… ஜக்… ஜகஜக்… கேட்டீங்களா? என் கைதான் சார்! இந்தக் கைதான்!

வேணாம் சார், கொறைக்காதீங்க. சத்தியமா, கைய எடுங்க குமிழ்லேந்து.

இந்தப் பெட்டிதான் வேணும். பச்சத்துணிய நீங்களே வச்சுக்கங்க, இல்ல ரவிக்கு வித்துடுங்க. லீடு அவன் வாசிக்கட்டும், அண்ணன் வாசிக்கட்டும், யாரு வேணா இழுத்துக்கட்டும். ரிதம் நாந்தான். பேண்டு கலைஞ்சா கலையட்டும் சார்! கலைஞ்சா வேற பேண்டு. இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காரும்போதே அண்ணன்கிட்ட சொல்லிடறேன். இல்ல, சொல்ல மாட்டேன். இதப் போட்டு ஒரு தட்டு தட்டறேன், அவனே புரிஞ்சுக்கட்டும். கணக்கு வாத்தியார்தான, விடை வந்துடும்! என்ன சார் சொல்றீங்க?

சார்?

கஸ்தூரிரங்கன் சார்?

அடப்பாவி மனுஷா, கடையப் போட்டுட்டு எங்க போனாரு… அதோ! ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு மார்க்கெட் ரோட்ட தாண்டிப் போறாரு பாரு! சார்! விலை சொல்லிட்டுப் போங்க சார்!

ஏம்மா, நீ யாரு? வாசப்படிய மறைச்சுக்கிட்டு… மீன் வாங்கலம்மா. ஓ, சத்தம் கேட்டுதான் வந்தியா? மன்னிச்சுக்கம்மா, கொறைச்சுடறேன், திட்டாத. என்னது? என்ன சொன்ன?

"இன்னொரு தபா அட்ச்சிக் காட்டு"ன்னா சொன்ன?

கூடைய எறக்கி ஓரமா வைம்மா. கிட்ட வா. பயப்படாத, பெட்டியோட அந்தக் கிழிஞ்ச துணி மேல கைய வச்சுப் பாரு, அப்பத்தான் நல்லா ஏறும்… வச்சிட்டியா?

இந்தா.